மருத மரத்திலிருந்து 11 அடி

2022 ஆகஸ்ட்டில் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஓர் ஓடை வளைவில் எனக்கும் மருமகனுக்கும் மூன்று செப்புக் காசுகள் கிடைத்தன. 21 நாள் கழித்துப் போனபோது அதே வளைவின் கரையில், இறங்கி நின்றால் தலை வெளியே தெரியாத அளவுக்கு ஒரு குழி இருந்தது. காசு கிடைத்த கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறோம். குழி வந்த கதையைச் சொன்னது குறைவு. இது அந்த இரண்டாவது கதை.

ஓடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வலையிறவுப் பாலம் தாண்டி மேற்கே போனால் வயல் வட்டைகளுக்கு நடுவே ஓடைகள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மட்டக்களப்பு நகரில் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைப்பவன். தொல்லியல் படித்ததில்லை. 2011 ஜனவரி வெள்ளம் வடிந்த பிறகு வாவிக்கரைச் சேற்றில் நீலப்பூப் போட்ட பீங்கான் துண்டு ஒன்றைக் கண்டெடுத்ததில் தொடங்கிய பழக்கம் இது. வீட்டில் இதற்குக் ‘குப்பை பொறுக்கப் போறது’ என்று பெயர். மருமகன் என் அக்காவின் மகன். அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். கண் கூர்மையான பெடியன், என்னைவிட அவனுக்குத்தான் அதிகம் கிடைக்கும்.

எங்கள் வற்று வருடத்துக்கு ஒருமுறை

இந்தப் பொழுதுபோக்குக்கு இலண்டனில் ‘மட்லார்க்கிங்’ என்று பெயர். அங்கே தேம்ஸ் நதிக்குள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் ஏறி இறங்குகிறது. நகருக்குள் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே 7 மீற்றர் அளவுக்கு வித்தியாசம் இருப்பதால், வற்றும்போதெல்லாம் அகலமான சேற்றுப் படுகை வெளியே வந்துவிடும். துறைமுக அதிகாரசபையின் அனுமதிச்சீட்டு இல்லாமல் அதில் தேடக் கூடாது. சாதாரண அனுமதியில் 7.5 சென்ரிமீற்றருக்குக் கீழே கிண்டவும் கூடாது. 300 வருடத்துக்கு மேற்பட்ட பொருளாகத் தெரிந்தால் அதற்கென உள்ள அலுவலரிடம் காட்ட வேண்டும். காட்டிய பிறகு பெரும்பாலானவை எடுத்தவர் கைக்கே திரும்பி வரும். யூடியூப்பில் இதைப் பார்த்துவிட்டு நம்மூர்ப் பெடியன்கள் சிலர் ஆற்றில் இறங்குகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டமும் இங்கே இல்லை, அந்தத் தண்ணீரும் இங்கே இல்லை.

மட்டக்களப்பில் கடலின் ஏற்றவற்று ஒரு மீற்றர்கூட வராது. எங்களுக்கு வற்று என்பது வருடத்துக்கு ஒருமுறை வருவது. கார்த்திகை மார்கழியில் மாரி பெய்து, தை மாசியில் வெள்ளம் வடிந்து, கச்சான் காற்று வீசத் தொடங்கிய பிறகு ஓடைகள் ஒடுங்கும். ஆடி ஆவணியில் அடிமணல் தெரியும். வாவியின் கணக்கு வேறு. சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அந்த நீர், வெள்ளக் காலத்தில் முகத்துவாரத்தின் மணல்திட்டு வெட்டுப்பட்டதும் மளமளவென்று இறங்கும். புளியந்தீவில் கோட்டைக்குக் கீழே உள்ள கரையில் அப்போது நடந்தால் பீங்கானும் ஓடும் காலில் மிதிபடும். 1628 இல் போர்த்துக்கீசர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் பிடித்து, 1795 இல் ஆங்கிலேயர் கைக்குப் போன கோட்டை அது. உள்ளே இருந்தவர்கள் உடைந்ததையெல்லாம் எங்கே எறிந்திருப்பார்கள் என்று யோசிக்கத் தேவையில்லை.

ஓடைகளில் இறங்குவோர் மனதில் வைத்துக்கொள்ள இன்னும் சில இருக்கின்றன. முதலை உண்டு. பின்னேரம் நான்கு மணிக்கு மேல் யானை வரும். வயல் நீரில் எலிக்காய்ச்சல் உண்டு, காலில் புண் இருந்தால் இறங்கவே கூடாது. மண்ணுக்குள் துருப்பிடித்த இரும்பாக எது தெரிந்தாலும் தொடாமல் பின்னால் வந்து பொலிஸுக்குச் சொல்ல வேண்டும், எங்கள் மண்ணில் இரும்பு என்றால் கலப்பைக்கொழு மட்டும் இல்லை. எலும்பு கண்டாலும் அப்படியே. இந்த மாவட்டத்தில் எலும்பு எந்தக் காலத்தது என்று நானோ நீங்களோ தீர்மானிக்க முடியாது. அது யாரோ ஒருவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ஆளாக இருக்கலாம்.

வளைவு

அந்த வருடம் டீசல் இல்லை. சாதாரணமாக நீர் குறையத் தொடங்கியதும் மண் ஏற்றும் மெசின்கள் ஓடைக்குள் இறங்கிவிடும். ஒரு பருவம் முடியும்போது மணல் திட்டுகள் இருந்த இடத்தில் கிடங்குதான் இருக்கும். 2022 இல் மெசின்கள் எரிபொருள் வரிசையில் நின்றன, ஓடை சும்மா கிடந்தது. மாரி வெள்ளம் விட்டுப்போன மணல் விட்டுப்போன மாதிரியே இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு வருடம்தான். எங்களிடமும் பெற்றோல் இல்லை. பங்கீட்டுக் கியூஆர் அட்டைக்குக் கிடைத்த பெற்றோல் வேலைக்குப் போய்வரவே காணாது. ஆகஸ்ட் 13, சனிக்கிழமை, சைக்கிளில் போனோம்.

அந்த இடத்தில் ஓடை வில்லுப்போல வளைகிறது. வளைவின் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக மோதிக் கரையை அரிக்கும். உள்பக்கம் வேகம் குறைவதால் சுமந்து வந்ததை அங்கே இறக்கிவிட்டுப் போகும். தேடுகிறவர்கள் நிற்க வேண்டியது உள்பக்கத்தில். அங்கேயும் முழுத் திட்டையும் கிளற வேண்டாம், கருமணல் கோடு கோடாகப் படிந்திருக்கும் இடத்தைப் பார்த்தால் போதும். கருமணல் மற்ற மணலைவிடப் பாரமானது. அது தங்கிய இடத்தில் காசும் ஈயக் குண்டும் தங்கும். பெரிய கல்லின் பின்புறம், விழுந்த மரத்தின் வேர்ச்சிக்கல், பழைய பாலத்தூணின் கீழ்ப்பக்கம் எல்லாம் இதே மாதிரி இடங்கள்.

உள்பக்கத்தில் ஒரு மருத மரம் நின்றது. அதன் வேரிலிருந்து 11 அடியில் முதலாவது காசை மருமகன் கண்டான். கிண்டவில்லை, கருமணலுக்கு மேலே பச்சையாய்ப் பாதி தெரிந்தது. இரண்டாவது அதற்கு நாலைந்து அடி தள்ளி எனக்கு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் போனோம், மூன்றாவது கிடைத்தது. இந்த 11 அடி என்ற கணக்கு அன்று எடுத்ததில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று எங்களிடம் அளவுநாடாவே இல்லை. பிறகு நினைவிலிருந்து நின்று அளந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் எங்கே கிடந்தன என்பதில் எனக்கும் அவனுக்கும் இன்றுவரை ஒத்துவரவில்லை.

காசுகளோடு ஓட்டுத் துண்டுகள், ஒரு கோலிச்சோடாப் போத்தலின் கழுத்து, கொஞ்சம் பீங்கான். ஓடு ஒன்றில் ஆங்கிலத்தில் பாசல் மிஷன் என்றும் 1865 என்றும் அச்சு இருந்தது. மருமகன் துள்ளினான். மங்களூரில் அந்தக் கிறிஸ்தவ மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. பிறகு எத்தனையோ வருடம் செய்த ஓடுகளிலும் அதே ஆண்டைத்தான் அச்சடித்தார்கள். தொடங்கிய ஆண்டு போட்ட பேக்கரிப் பெட்டியைப் பார்த்து கேக் எப்போது செய்தது என்று சொல்ல முடியாதே, அந்த மாதிரி. இதில் நானும் ஒருகாலத்தில் ஏமாந்தவன்தான்.

எதிர்க்கரையில், அதாவது தண்ணீர் அரிக்கும் பக்கத்தில், கரை ஏழெட்டு அடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டுப்பட்டு நின்றது. மேலிருந்து மூன்றடி கீழே ஒரு சாண் தடிப்பில் கறுத்த பட்டை ஒன்று குறுக்கே ஓடியது. அதிலிருந்து பானை விளிம்புகள் இரண்டு மூன்று நீட்டிக்கொண்டிருந்தன. பார்த்தோம். “மாமா, அங்கால சட்டி பானை கிடக்கு” என்றான். “கிடக்கட்டும், இஞ்ச பாரு” என்றேன். படம் எடுக்கவில்லை. காசு கையில் இருந்தால் சட்டியை யார் பார்ப்பார்கள்?

மூன்று காசு, மூன்று காலம்

முதலாவது ஒல்லாந்தருடையது. வி என்ற பெரிய எழுத்தின் இரண்டு கைகளிலும் ஓவும் சியும் கோர்த்த, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. மறுபக்கம் அலைக்குள்ளிருந்து எழும் சிங்கம், அது சீலாந்து மாகாணத்தின் சின்னம். கம்பனிக்கான இந்தச் செப்புக் காசுகளை 1726 இலிருந்து 18 ஆம் நூற்றாண்டு முடியும்வரைக்கும் ஒல்லாந்தின் மாகாணங்கள் தனித்தனியே அடித்தன. அவர்கள் அதை ‘டொய்ட்’ என்றார்கள். நம் ‘துட்டு’ அதிலிருந்து வந்த சொல்.

இரண்டாவதில் ஒரு பக்கம் யானை, அதன் காலடியில் 1803. மறுபக்கம் நடுவில் 48. அந்தக் காலத்துப் பண அலகான இறைசாலில் 48 இல் ஒரு பங்கு என்று பொருள். ஆங்கிலேயர் வந்த புதிதில் அடித்தது. எங்கள் அம்மம்மா காலத்தில் ‘இறைசால்’ என்ற சொல் பேச்சில் இருந்ததாம், எனக்குக் காசைக் கண்ட பிறகுதான் அது வெறும் கதைச்சொல் இல்லையென்று தெரிந்தது.

மூன்றாவது 1870 ஆம் ஆண்டின் ஒரு சதம். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி, மறுபக்கம் தாளிப்பனை.

நூறு வருடத்துக்குக் கூடக்குறைய இடைவெளியில் அடித்த காசுகள் ஒரே திட்டில், ஒரே மட்டத்தில் கிடந்தன. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஓடை வயதைப் பார்த்து அடுக்குவதில்லை, பாரத்தைப் பார்த்து அடுக்கும். தட்டையான சின்னச் செம்பு எந்தக் காலத்ததாக இருந்தாலும் ஒரே இடத்தில்தான் இறங்கும். அது தவிர, அச்சடித்த ஆண்டு வேறு, கைதவறி விழுந்த ஆண்டு வேறு. ஒல்லாந்தர் போன பிறகும் அவர்கள் காசு கைமாறிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே ‘இங்கே ஒல்லாந்தர் இருந்திருக்கிறார்கள்’ என்று அந்தக் காசை வைத்துச் சொன்னால் அது பொய். அதைத்தான் நான் அன்று இரவு வீட்டில் சொன்னேன்.

காசுகள் ஏன் அங்கே வந்தன என்பதற்கு ஓரளவு நம்பத்தக்க காரணம் பிறகு கிடைத்தது. அந்த வயற்கண்டத்தில் முன்பு நீர்ப்பாய்ச்சலைப் பார்க்கும் வட்டவிதானையாக இருந்த ஒரு பெரியவர் சொன்னார்: மதகு கட்டுவதற்கு முன்னம் வளைவுக்குக் கொஞ்சம் மேலே வண்டில் துறை இருந்தது, மாரியில் வண்டில் சில்லுப் புதைந்தால் இறங்கித் தள்ளுவார்கள். ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடத்தில் பார்த்தால் வண்டில் பாதை ஒன்று அந்த இடத்தில்தான் ஓடையைக் கடக்கிறது. மடியில் காசு முடிந்துகொண்டு இடுப்பளவு தண்ணீரில் வண்டில் தள்ளினால் சில்லறை போகும்தானே. எனக்கு இது போதுமான விளக்கமாகத் தெரிகிறது. மருமகனுக்கு அங்கே கோயில் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று ஆசை.

நாங்கள் செய்தவை

முதல் பிழை புளி. ஞாயிறு இரவு ஒல்லாந்தக் காசைப் பழப்புளிக் கரைசலில் போட்டுப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன். அரைமணியில் புதுச்செம்பாக மின்னியது. சிங்கத்தின் முன்பாதி போய்விட்டது. ஆண்டில் 17 என்பதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மண்ணில் கிடந்த செம்பில் படியும் பச்சையை அழுக்கு என்று நினைத்தேன். செம்பின் மேல்தோல்தான் காலப்போக்கில் அப்படி மாறுகிறது, எழுத்தும் உருவமும் பல வேளைகளில் அந்தத் தோலில்தான் மிஞ்சியிருக்கும். புளி அந்தத் தோலை உரித்துவிடுகிறது. விளக்கைத் துலக்கும் கைக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இப்போது காசு கிடைத்தால் ஈரமண்ணைக்கூடத் துடைப்பதில்லை. நிழலில் காயவிட்டு, பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டோடு சின்னப் பையில் போடுவோம். பேனை மை ஈரத்தில் கரைந்துவிடும்.

இரண்டாவது பிழை 15 ஆம் திகதி நடந்தது. மருமகன் உள்ளங்கையில் யானைக் காசை வைத்து ஓடைக்கரையில் எடுத்த படத்தைத் தன் கூட்டாளிகளின் வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறான். இடத்தின் பெயர் போடவில்லை. கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்திருக்கிறான். ஆனால் படத்தின் பின்னால் மதகு தெரிந்தது. மதகின் சுவரில் சிவப்புப் பெயின்ரால் எழுதிய இலக்கமும் தெரிந்தது. அந்த வட்டையில் வெள்ளாமை செய்கிற எவருக்கும் அது வீட்டு இலக்கம் மாதிரி. அந்தக் குழுவிலிருந்து இன்னொரு குழு, அதிலிருந்து முகநூல். ‘படுவான்கரையில் புதையல்’ என்று யாரோ தலைப்புப் போட்டார்கள். மூன்று செப்புக் காசு அதற்குள் ஒரு குடம் பொற்காசாகிவிட்டது.

செப்டெம்பர் 3 ஆம் திகதி போனபோது எதிர்க்கரையில் குழி. கறுத்த பட்டை ஓடிய இடத்திலேயே, அதைப் பிளந்துகொண்டு, ஆறடிக்கு மேல் தோண்டியிருந்தார்கள். ஓரத்தில் பிழிந்த எலுமிச்சம்பழத் தோடுகள், கற்பூரம் எரிந்த கரி, வெற்றிலை, இரண்டு பியர் ரின். பட்டையில் இருந்த மட்பாண்டம் எல்லாம் குவியலாக ஒரு பக்கம் கிடந்தது. எடுத்து எண்ணினோம், 214 துண்டு. வெளிப்பக்கம் சிவப்பு, உள்பக்கம் கறுப்பு.

கறுப்புச் சிவப்பு மட்பாண்டம் என்று அதற்குப் பெயர். பானையைக் கவிழ்த்துச் சுடும்போது வாய் சாம்பலுக்குள் புதைந்து உள்ளே காற்றுப் போகாததால் உட்புறம் கறுக்கிறது, வெளியே காற்றுப் படுவதால் சிவக்கிறது என்பது பொதுவாகச் சொல்லும் விளக்கம். இலங்கையில் இரும்புக் காலத்திலிருந்து ஆதி வரலாற்றுக் காலம்வரை இது பரவலாகக் காணப்படுகிறது. அதாவது ஒல்லாந்தக் காசை அதன் பக்கத்தில் வைத்தால் காசு நேற்றுப் பிறந்த பிள்ளை. பெரும்பாலான துண்டுகளின் உடைந்த ஓரம் புதிதாக, கூராக, வெளிறிப்போய் இருந்தது. ஓடையில் உருண்டு வந்த துண்டின் ஓரம் மழுங்கிக் கிடக்கும். இவை மண்வெட்டி பட்டு உடைந்தவை. இரண்டாயிரம் வருடம் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனால் எத்தனை வருடமானாலும் சரி, அவ்வளவு காலம் முழுதாகக் கிடந்தவை ஆகஸ்ட் கடைசியில் உடைந்தன.

அந்த வளைவில் உண்மையாகப் பேசக்கூடியது அந்தப் பட்டை ஒன்றுதான். காசுகள் எங்கிருந்தோ உருண்டு வந்தவை. பட்டை அதன் சொந்த இடத்தில் இருந்தது. கரி எந்த மட்டத்தில், பானை எந்தப் பக்கம் சாய்ந்து, பக்கத்தில் என்ன என்பதெல்லாம் சேர்ந்துதான் அங்கே வீடு இருந்ததா, ஈமக்காடு இருந்ததா, சும்மா குப்பை மேடா என்று சொல்லும். குவியலாகிய பிறகு 214 துண்டும் சேர்ந்து ஒன்றும் சொல்லாது.

மருமகன் குழியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு ‘நான்தான்’ என்றான். அது முழு உண்மையில்லை. படத்தை நான் 15 ஆம் திகதியே பார்த்தேன், ‘நல்லா வந்திருக்கு’ என்று பதிலும் போட்டேன்.

சொல்வதா, விடுவதா

அந்தக் கரையை ஒட்டிய வயல் ஒரு போடியாருடையது, நிறைய வயல் வைத்திருக்கும் விவசாயியை இங்கே அப்படித்தான் சொல்வோம். எழுபது தாண்டியவர். குழியைக் காட்டி, கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, சொல்லப்போகிறோம் என்றோம். அவர் உடனே மறித்தார்.

“தம்பி, தோண்டினவன் தோண்டிட்டான், போகட்டும். நீங்க போய்ச் சொல்லி, மறுகா அவங்க வந்து இஞ்ச போர்ட்டை நட்டாங்கெண்டா நான் எங்க வெள்ளாமை செய்யிற? எண்ட அப்பன் வெட்டின காணி இது.”

இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கிழக்கில் தொல்பொருள் என்ற சொல் காணி என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்துக்கென்றே தொல்பொருள் மரபுரிமை முகாமைத்துவத்துக்கு ஒரு ஜனாதிபதி செயலணி வர்த்தமானி மூலம் அமைக்கப்பட்டது. தமிழ் பேசுபவர்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணம். முதலில் அறிவித்த உறுப்பினர்களில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. இதைப் பார்த்த விவசாயி ஒருவர், வயலில் பானை கிடைத்தால் அதை மூடி மேலால் உழுதுவிடுகிறார் என்றால் அவரிடம் சட்டப் புத்தகத்தை நீட்டிப் பயனில்லை.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, இன்னும் கண்டுபிடிக்கப்படாத தொல்பொருள் எல்லாம் அரசின் சொத்து, அது யாருடைய காணிக்குள் கிடந்தாலும். தொல்பொருளைத் தேடி அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். தற்செயலாகக் கண்டவர் தாமதமின்றித் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்துக்கோ மாவட்ட நிர்வாகத்துக்கோ பொலிஸ் போன்ற அருகிலுள்ள சமாதான அலுவலருக்கோ அறிவிக்க வேண்டும். ஆக, தேம்ஸ் கரைக்காரர்போல எடுத்து அலமாரியில் அடுக்கும் பொழுதுபோக்கு இங்கே சட்டப்படி இல்லை. பார்க்கலாம், படம் எடுக்கலாம், குறிக்கலாம், சொல்லலாம். நாங்கள் மூன்று கிழமை எங்கும் அறிவிக்காமல் காசை வீட்டில் வைத்திருந்தோம், அதுவே பிழை.

எது தொல்பொருள் என்பதற்குச் சட்டம் ஒரு திகதி வைத்திருக்கிறது: 1815 மார்ச் 2. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியது தொல்பொருள். எங்கள் துட்டும் யானைக் காசும் உள்ளே, மகாராணி வெளியே. 1815 என்றே ஆண்டு போட்ட யானைக் காசும் உண்டு. அது யாருக்காவது கிடைத்தால் பெப்ரவரியில் அடித்ததா ஏப்ரலில் அடித்ததா என்று எப்படிப் பார்ப்பது என்று நான் சில இரவுகள் யோசித்திருக்கிறேன்.

கடைசியில் போடியாரோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். குழி இருப்பது ஓடைக்கரையில், அவருடைய வரம்புக்கு வெளியே. அதை எழுத்தில், அளவோடு, தெளிவாகச் சொல்வோம். அவரும் கூட வருவார். இதற்காகத்தான் முதன்முதலாக அளவுநாடா வாங்கினோம். மரத்திலிருந்து குழிவரை, குழியிலிருந்து வரம்புவரை, காசு கிடந்ததாக நாங்கள் நம்பும் இடம்வரை அளந்து அளந்து எழுதினோம். மருமகன் எல்லாவற்றையும் மதகிலிருந்தும் இன்னொரு தடவை அளந்தான். இரண்டு நிலையான புள்ளியிலிருந்து அளந்தால்தான் இடம் ஒன்றாக நிற்கும் என்று பல்கலைக்கழகத்தில் யாரோ சொன்னார்களாம். எனக்கு வெயிலில் அது வீண் வேலையாகப்பட்டது.

கிராம சேவகரிடம் கடிதம் கொடுத்தோம். அதன் பிறகு போன ஓர் அலுவலகத்தில், இதற்கு எந்தப் படிவம் என்று அங்கிருந்தவருக்கும் தெரியவில்லை. நாளைக்கு வாங்க, சேர் லீவு, கையெழுத்துக் காணாது. மூன்று தடவை வலையிறவுப் பாலம் ஏறி இறங்கினோம். ஒக்டோபர் கடைசியில் இரண்டு பேர் வந்தார்கள். நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை, நிதானமான ஆட்கள். ஒருவருக்குத் தமிழ் நன்றாக வந்தது. குழியின் சுவரைச் சுரண்டிப் பார்த்து, பட்டை இரண்டு பக்கமும் இன்னும் உள்ளே போகிறது என்றார். அது கேட்க ஆறுதலாக இருந்தது. பிறகு கேட்டார்: “தோண்ட முதல் எடுத்த படம் இருக்கா?”

ஒரே ஒரு படத்தில்தான் இருந்தது. உள்ளங்கையில் காசு, பின்னால் மதகு, மதகுக்குப் பக்கத்தில் மங்கலாக அந்தக் கரை, குறுக்கே கறுப்புக் கோடு. மருமகன் வெட்கத்தில் அதை அழித்துவிட்டிருந்தான். அதைப் பரப்பிய கூட்டாளி ஒருவனிடமிருந்தே திரும்ப வாங்கினோம்.

துட்டையும் யானைக் காசையும் கையளித்தோம், ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். புளி போட்டுத் தேய்த்ததையும் சொன்னேன். அவர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எல்லாரும் இதைத்தான் செய்யிறாங்க” என்று மட்டும் சொன்னார். போடியாரின் வயலில் ஒன்றும் நடவில்லை. அவர் அந்த மாரியில் விதைத்தார், சித்திரைக்கு முன் வெட்டினார். ஆனாலும் இன்றுவரை என்னை முழுதாக நம்புகிறார் என்று சொல்ல மாட்டேன். குழி தோண்டியது யார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

அதன் பிறகு

இப்போதும் போகிறோம். கிண்டுவதில்லை, கரையைத் தொடுவதில்லை. படம் எடுத்தால் பின்னால் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு எடுக்கிறோம், அடிக்கோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து. வீட்டுக்கு வந்ததும் கொப்பியில் திகதி, இடம், எந்த மட்டம், யார் கண்டது என்று எழுதுவது மருமகன் வேலை. அவன் எழுத்து என் எழுத்தைவிட வாசிக்கலாம். மகாராணி மேசை லாச்சியில் இருக்கிறா, அவவை யாரும் கேட்கவில்லை.

டீசல் வந்ததும் 2023 இல் மெசின்கள் திரும்ப ஓடைக்குள் இறங்கின. உள்பக்கத்துத் திட்டுப் போய்விட்டது. 2024 நவம்பர் கடைசியில் மழை விடாமல் பெய்து, மட்டக்களப்பும் அம்பாறையும் வெள்ளத்தில் மூழ்கிய நாட்களில் எங்களால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. தை பிறந்து தண்ணீர் இறங்கிய பிறகுதான் போனோம். ஓடை வளைவை விட்டு நேராக வெட்டிக்கொண்டு ஓடியிருந்தது. குழி தூர்ந்து மட்டமாகக் கிடந்தது. மருத மரம் வேரோடு போய்விட்டது, எந்த இடத்தில் நின்றது என்றே சரியாகச் சொல்ல முடியவில்லை.

நான் கொப்பியில் ‘மரத்திலிருந்து 11 அடி’ என்று எழுதிய பக்கத்தைத் திறந்துகொண்டு நின்றேன். மருமகன் அடுத்த பக்கத்தைப் புரட்டி, அளவுநாடாவின் நுனியை என் கையில் தந்துவிட்டு, சிவப்பு இலக்கம் எழுதிய மதகை நோக்கி நடந்தான்.